‘பேனல் போச்சு சார்!’: பழைய எல்சிடி டிவியில் நிஜமாகவே போனது எது?

சேனலை மாற்றிய பிறகும் முந்தைய சேனலின் லோகோ மூலையில் மங்கலாகத் தெரிகிறது. கிரிக்கெட் மைதானத்தின் பச்சையில், ஃப்ளாஷ் நியூஸ் ஓடிய இடத்தில் மட்டும் ஒரு பட்டை. இன்னொரு வீட்டில் சத்தம் கணீரென்று வருகிறது, படம் மட்டும் இல்லை. அடுத்த வீட்டில் திரை முழுக்க ஊதா சாயம். அதற்கும் அடுத்த வீட்டில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு.

நான்கு வீட்டுக்கும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். “பேனல் போச்சு சார். அதை மாத்துற காசுக்குப் புது டிவியே வாங்கிடலாம்.”

அன்று மாலையே ஆன்லைனில் ஆஃபர் தேடுகிறோம், இஎம்ஐ கணக்குப் போடுகிறோம். பழைய டிவி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

அந்தப் பதில் சில நேரம் சரிதான். பல நேரம் அவசரத் தீர்ப்பு. மேலே சொன்ன நான்கு கோளாறுகளுக்கும் காரணம் ஒன்றல்ல. ஒன்று தானாகவே சரியாகக்கூடியது. இரண்டு, பேனலை மாற்றாமலேயே பழுது பார்க்கக்கூடியவை. ஒன்றுதான் பேனல் கோளாறாக இருக்கக்கூடியது. எது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க எலெக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டாம். ஒரு டார்ச் லைட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் ஒரு குழப்பம்: ‘எல்இடி டிவி’யும் எல்சிடிதான்

“எங்க வீட்டில் இருப்பது எல்இடி டிவி, எல்சிடி இல்லை” என்று பலர் சொல்வதுண்டு. கடையில் அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் படம் காட்டும் பேனல் இரண்டிலும் ஒன்றுதான். பின்னால் இருந்து ஒளி தரும் விளக்கு மட்டும் மாறியிருக்கிறது.

பழைய எல்சிடி டிவிகளில் மெல்லிய ட்யூப் லைட் போன்ற சிசிஎஃப்எல் குழாய்கள் அந்த வேலையைச் செய்தன. 2009-க்குப் பிறகு படிப்படியாக அந்த இடத்துக்கு எல்இடிகள் வந்தன. ‘க்யூஎல்இடி’, ‘மினி எல்இடி’ என்ற பெயர்களில் இன்று விற்கப்படுபவையும் அடிப்படையில் எல்சிடி டிவிகளே. ஓஎல்இடி தனி ஜாதி. அதில் ஒவ்வொரு பிக்ஸலும் தானே ஒளிரும், பின்னால் விளக்கு கிடையாது.

எல்சிடி டிவியை ஒரு சாண்ட்விச் மாதிரி யோசித்துப் பாருங்கள். கடைசி அடுக்கில் விளக்குகள். அதுதான் பேக்லைட். அதற்கு முன்னால் ஒளியைத் திரை முழுக்கச் சமமாகப் பரப்பும் வெள்ளைத் தாள்கள். அதற்கும் முன்னால் பேனல்: இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகம், இரு பக்கமும் போலரைசர் படலம், நடுவில் சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்கள்.

திரவப் படிகம் தானாக ஒளிராது. ஜன்னல் திரைச்சீலை போல, பின்னால் இருந்து வரும் வெளிச்சத்தை எவ்வளவு விட வேண்டும் என்பதை மட்டும் அது கவனித்துக்கொள்கிறது. பேக்லைட் தரும் ஒளியில் சுமார் 5 முதல் 10 சதவீதம்தான் கடைசியில் நம் கண்ணுக்கு வருகிறது. மிச்சம் வழியிலேயே தடுக்கப்பட்டு, பெரும்பாலும் வெப்பமாக மாறுகிறது. டிவிக்கு வயதாவதில் இந்த வெப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

‘பர்ன்-இன்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது?

அந்தக் கால ‘டப்பா’ டிவியில், அதாவது பிக்சர் ட்யூப் டிவியில், கண்ணாடியின் உட்புறம் பாஸ்பர் என்ற பொருள் பூசப்பட்டிருக்கும். எலெக்ட்ரான்கள் அதன் மீது மோதும்போது ஒளிரும். ஒரே இடத்தில் ஒரே படம் மாதக்கணக்கில் நின்றால், அந்த இடத்துப் பாஸ்பர் மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். டிவியை அணைத்த பிறகும் தடம் தெரியும் அளவுக்குத் தேய்ந்த திரைகள் உண்டு. எரிந்து பதிந்த தழும்பு மாதிரி இருந்ததால்தான் ‘பர்ன்-இன்’ என்ற பெயர்.

பிளாஸ்மா டிவிக்கும் இதே பிரச்சினை இருந்தது. அதிலும் ஒளி தந்தது பாஸ்பர்தான். இன்றைய ஓஎல்இடியில் பாஸ்பருக்குப் பதில் கரிமப் பொருள்கள் ஒளிர்கின்றன. அதிகம் ஒளிர்ந்த பிக்ஸல் அதிகம் தேய்கிறது. நீல நிறம் மற்ற நிறங்களைவிட வேகமாக வலுவிழக்கிறது.

இந்த மூன்றிலும் பர்ன்-இன் என்றால் தேய்மானம். தேய்ந்த பொருள் திரும்ப வளராது.

எல்சிடி கதை வேறு. அங்கே பிக்ஸல் ஒளிர்வதே இல்லை, அதனால் அந்த வகையில் தேய்வதற்கும் ஒன்றுமில்லை. அப்படியானால் லோகோவின் நிழல் எப்படி ஒட்டிக்கொள்கிறது?

நிழல் ஒட்டுவது எப்படி?

ஒவ்வொரு பிக்ஸலிலும் உள்ள திரவப் படிகத்தை ஒரு சிறிய மின்னழுத்தம் திருப்பி நிறுத்துகிறது. அந்த மின்னழுத்தம் எப்போதும் ஒரே திசையில் இருக்கக் கூடாது. அதனால் டிவி ஒவ்வொரு ஃப்ரேமிலும் பிளஸ், மைனஸ் என்று திசையை மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரையில் இது இடைவிடாமல் நடக்கும்.

இவ்வளவு சிரமம் ஏன்? திரவப் படிகத்தில் மிக மிகச் சிறிய அளவில் மின்னூட்டம் கொண்ட அயனிகள் மாசாகக் கலந்திருக்கும். மின்னழுத்தம் ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தால் அவை நகர்ந்துபோய் கண்ணாடியின் உட்புறப் படலத்தில் குவியும். குவிந்தவை தாங்களே ஒரு சிறிய மின்புலத்தை உருவாக்கும். அதன்பின் டிவி ‘இந்தப் பிக்ஸல் 50 சதவீதம் திறக்கட்டும்’ என்று ஆணையிட்டால், அது 48 சதவீதமோ 52 சதவீதமோ திறக்கும்.

பக்கத்துப் பிக்ஸல்களோடு ஒப்பிடும்போது வரும் இந்தச் சிறு வித்தியாசம்தான் நம் கண்ணுக்கு நிழலாகத் தெரிகிறது. இதை ‘இமேஜ் பெர்சிஸ்டன்ஸ்’ அல்லது ‘இமேஜ் ஸ்டிக்கிங்’ என்கிறார்கள்.

நல்ல நிலையில் உள்ள டிவியில் பிளஸ், மைனஸ் இரண்டும் கச்சிதமாகச் சமன் ஆகிவிடும். வயதாகும்போது அந்தச் சமநிலை கொஞ்சம் பிசகலாம். வெப்பத்தில் அயனிகளின் நடமாட்டமும் கூடும். இதோடு நாள் முழுக்க நகராத லோகோ, கடிகாரம், ஸ்க்ரோல் பட்டையும் சேர்ந்தால் நிழல் விழுவதற்கு எல்லாம் தயார்.

டீக்கடை, சலூன், மருத்துவமனை வரவேற்பறை ஆகிய இடங்களின் டிவிகளில் இது வீடுகளைவிட அதிகம் கண்ணில் படுவதற்குக் காரணமும் இதுவே. கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் 6 மணி நேரம் ஓடும் வீட்டு டிவிக்கு ஆண்டுக்கு 2,190 மணி நேரம். காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை ஒரே செய்தி சேனல் ஓடும் கடை டிவிக்கு 6,570 மணி நேரம். கடை டிவி ஒரே வருடத்தில் வீட்டு டிவியைவிட மூன்று மடங்கு வயதாகிறது. அதுவும் ஒரே லோகோவைச் சுமந்தபடி.

அது மறையுமா?

பெரும்பாலும் மறையும். குவிந்த அயனிகள் மெல்லக் கலைந்து பழைய நிலைக்குத் திரும்பும். சில நிமிடங்களில் போகும் நிழலும் உண்டு, சில நாட்கள் எடுக்கும் நிழலும் உண்டு.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் டிவியை அணைத்து, ப்ளக்கையும் எடுத்துவிட்டு ஒரு இரவு விடுங்கள். அதன் பிறகும் நிழல் இருந்தால் லோகோ, ஸ்க்ரோல் எதுவும் இல்லாத, முழுத்திரையும் அசைந்துகொண்டே இருக்கும் வீடியோவைச் சில மணி நேரம் ஓட விடுங்கள். முழு வெள்ளைத் திரையை ஓட விடுவதும் பலர் கையாளும் வழி. தேவைப்பட்டால் இரண்டு மூன்று நாள் திரும்பச் செய்யலாம். இதற்கென்று காசு கொடுத்து ஆப் வாங்க வேண்டியதில்லை.

சில வாரங்கள் கழித்தும் அதே இடத்தில் அதே நிழல் நிற்கிறது என்றால் திரவப் படிகமோ அதை ஒட்டிய படலமோ நிரந்தரமாக மாறியிருக்கலாம். எல்சிடியில் இது அரிது. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒரே படத்தைக் காட்டிய அறிவிப்புத் திரைகளில் நடக்கக்கூடியதுதான்.

உண்மையான வில்லன்: பேக்லைட்

எல்சிடி டிவியில் வயது முதலில் தெரிவது பெரும்பாலும் பின்னால் இருக்கும் விளக்கில்தான். அதன் அறிகுறிகளை ‘பேனல் அவுட்’ என்று தவறாகப் புரிந்துகொள்வதும் அதிகம்.

சத்தம் வருகிறது, படம் இல்லை: பேக்லைட்டில் எல்இடிகள் பட்டைகளாக, தொடர் இணைப்பில் இருக்கும். அந்தக் காலத்துத் திருவிழா சீரியல் பல்பு மாதிரி ஒன்று போனால் அந்த வரிசையே போய்விடும். பல டிவிகளில், ஒரு வரிசை போனதைக் கண்டதும் பாதுகாப்புச் சுற்று மொத்த பேக்லைட்டையும் அணைத்துவிடும். பேனல் பாவம், இருட்டில் படத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

அங்கங்கே பளிச்சென்று வெள்ளைப் புள்ளிகள்: ஒவ்வொரு எல்இடி மீதும் ஒளியைப் பரப்பும் சிறிய பிளாஸ்டிக் லென்ஸ் ஒட்டப்பட்டிருக்கும். வெப்பத்தில் பசை விட்டுப்போய் லென்ஸ் விழுந்தால், அந்த இடம் மட்டும் டார்ச் அடித்தது போல் தெரியும்.

திரை நீலமாக அல்லது ஊதாவாக மாறுவது: வெள்ளை எல்இடி என்று நாம் சொல்வது உண்மையில் நீல எல்இடி. அதன் மேல் உள்ள மஞ்சள் பாஸ்பர் பூச்சு நீலத்தை வெள்ளையாக மாற்றுகிறது. ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் பூச்சு கெட்டால் அடியில் உள்ள நீலம் எட்டிப் பார்க்கும். கலர் செட்டிங்ஸை எவ்வளவு திருகினாலும் இது முழுதாகச் சரியாகாது.

ஓரங்களில் இருட்டு, நடுவில் மேக மூட்டம்: சில ஒல்லி டிவிகளில் எல்இடிகள் திரையின் விளிம்பில் மட்டும் இருக்கும். ‘எட்ஜ் லிட்’ என்பார்கள். மொத்த வெளிச்சமும் ஒரு ஓரத்திலிருந்தே வர வேண்டும் என்பதால் வெப்பமும் அங்கேயே குவியும். பிளாஸ்டிக் தகடு வளையலாம், பின்னால் உள்ள பிரதிபலிப்புத் தாள் சுருங்கலாம்.

கனடாவைச் சேர்ந்த ‘ஆர்டிங்ஸ்’ என்ற விமர்சனத் தளம் 2022-ன் இறுதியில் 100 டிவிகளை வரிசையாக வைத்து, ஒரு செய்தி சேனலின் படத்தை 10,000 மணி நேரத்துக்கும் மேல் ஓட விட்டுப் பார்த்தது. ஓஎல்இடிகளில் லோகோ, ஸ்க்ரோல் தடங்கள் விழுந்தன. அது எதிர்பார்த்ததுதான். எல்சிடிகளில் கவனத்தை ஈர்த்தது பேக்லைட். குறிப்பாக, விளிம்பில் விளக்கு வைத்த மாடல்களில் வெப்பத்தால் வளைந்த தாள்களும் விரிசல் விட்ட தகடுகளும் எரிந்துபோன எல்இடிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. ‘ஒல்லியாக இருந்தால் ஸ்டைல்’ என்ற ஆசைக்கு ஒரு விலை உண்டு என்பது அந்தச் சோதனை சொன்ன பாடம்.

பேக்லைட் பட்டைகளை மாற்ற முடியும். பல மாடல்களுக்கு அவை சந்தையில் தனியாகவே கிடைக்கின்றன. பேனலைக் கழற்றி மாட்டும்போது கண்ணாடி உடையும் அபாயம் இருப்பதால் கைதேர்ந்தவரிடம் கொடுக்க வேண்டிய வேலை இது. ஆனாலும் செலவு புது டிவி விலையில் ஒரு சிறு பகுதிதான்.

கோடு விழுந்தால்?

ஃபுல் எச்டி திரையில் குறுக்கே 1,920 பிக்ஸல்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று. ஆக, மேலிருந்து கீழாக 5,760 மெல்லிய மின்பாதைகள். 4கே திரையில் 11,520. இவை அனைத்தும் கண்ணாடியின் விளிம்பில் ஒட்டப்பட்ட நெகிழ்வான ரிப்பன்கள் வழியாகத்தான் சர்க்யூட் போர்டுடன் இணைகின்றன. இணைப்பது சால்டரிங் அல்ல, மின்சாரம் கடத்தும் ஒரு வகைப் பசை நாடா.

அந்தப் பசையில் ஒரு இடம் விட்டுப்போனால் ஒரு கோடு. ஒரு ரிப்பனே போனால் அகலமான ஒரு பட்டை முழுதும் காலி. வெப்பத்தில் விரிந்து குளிரில் சுருங்குவதும், உள்ளே புகும் ஈரமும்தான் இதற்கு முக்கிய எதிரிகள்.

இங்கேதான் நம் வீடுகளின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் வீட்டைச் சுத்தம் செய்யும்போது டிவியையும் விடுவதில்லை. கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயை நேராகத் திரையில் அடிப்பார்கள், அல்லது ஈரத்துணியால் அழுத்தித் துடைப்பார்கள். வழியும் நீர் கீழ் விளிம்பில் உள்ள இடுக்கில் இறங்கும். பல மாடல்களில் அந்த ரிப்பன்கள் இருப்பது சரியாக அங்கேதான். மறுநாள் கோடு விழுந்தால், ‘நேற்று வரை நல்லாத்தானே இருந்துச்சு’ என்று திகைப்போம்.

கோடு எல்லாமே பேனல் கோளாறும் அல்ல. பேனலுக்கு ஆணை கொடுக்கும் ‘டி-கான்’ என்ற சிறிய போர்டு கெட்டாலும், அதன் பட்டை வயர் தளர்ந்தாலும் கோடுகள் வரும். நிறங்கள் நெகட்டிவ் மாதிரி மாறலாம், பாதித் திரை வெளுக்கலாம். டி-கான் பல மாடல்களில் தனியாக மாற்றக்கூடியது. பசை நாடா இணைப்பு விட்டதைக்கூட வெப்ப அழுத்த இயந்திரத்தில் மறுபடி ஒட்டித் தருபவர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். இதை ‘பாண்டிங்’ என்பார்கள். எல்லாப் பேனலிலும் இது கைகொடுக்காது. கொடுத்தாலும் எத்தனை நாள் நிற்கும் என்று உத்தரவாதம் குறைவு.

கண்ணாடி உடைந்து மை சிந்தியது போல் கறை பரவியிருந்தால், அப்போது சந்தேகமே வேண்டாம். அது நிஜமாகவே பேனல் போனதுதான். டிவியின் விலையில் பெரும்பகுதி பேனலுக்கே என்பதால், அதை மாற்றுவது பல நேரம் கட்டுப்படியாகாது.

சூடும் ஈரமும்

திரவப் படிகத்தைக் கண்டறிந்த கதையே சூட்டில்தான் தொடங்குகிறது. 1888-ல் ஃபிரெட்ரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர், கொலஸ்டிராலில் இருந்து பெற்ற ஒரு பொருளைச் சூடாக்கினார். அது சுமார் 145 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கலான திரவமானது. சுமார் 178 டிகிரியில் திடீரென்று தெளிந்தது. அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம். ஒவ்வொரு திரவப் படிகத்துக்கும் இப்படி ஒரு வெப்ப எல்லை உண்டு. உச்சி வெயிலில் நிற்கும் விளம்பரத் திரைகளில் சில நேரம் கறுப்புத் திட்டு தெரிந்து, மாலையில் மறைவது இதனால்தான்.

வீட்டு டிவி அவ்வளவு சூடாகாது. ஆனால் உள்ளே உள்ள மற்ற பாகங்களுக்குச் சூடு மெல்லக் கொல்லும் விஷம். பவர் போர்டில் உள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். டிவி ஆன் ஆக நேரமெடுப்பது, ஆன் ஆகி ஆன் ஆகி அணைவது போன்றவை இவை உப்பிப்போனதன் அடையாளமாக இருக்கலாம். இதுவும் பேனல் சம்பந்தப்படாத, செலவு குறைந்த பழுதுதான்.

போலரைசர் படலமும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் தப்புவதில்லை. நாளடைவில் மஞ்சளாகும், அங்கங்கே கருகியது போல் திட்டு விழும். கடலோர ஊர்களின் உப்புக் காற்று உலோக இணைப்புகளை அரிக்கும். சமையலறைச் சுவருக்கு மறுபக்கம், ஜன்னல் வெயில் படும் இடம், காற்றோட்டமே இல்லாத மர ஷோகேஸ் பெட்டி... டிவியை எங்கே மாட்டுகிறோம் என்பதே அதன் ஆயுளில் சில ஆண்டுகளைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

வீட்டிலேயே செய்யும் 5 சோதனைகள்

பின் மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். ப்ளக்கை எடுத்த பிறகும் பவர் போர்டில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கலாம். கீழே உள்ளவை எல்லாமே வெளியிலிருந்து செய்யக்கூடியவை.

1. மெனு சோதனை: ரிமோட்டில் செட்டிங்ஸ் மெனுவைத் திறங்கள். கோடு அல்லது நிழல் மெனுவின் மேலும் தெரிந்தால் பிரச்சினை டிவிக்குள். மெனு சுத்தமாக இருந்தால் செட் டாப் பாக்ஸையோ எச்டிஎம்ஐ கேபிளையோ மாற்றிப் பாருங்கள். 

2. சாம்பல் சோதனை: யூடியூபில் ‘க்ரே ஸ்க்ரீன்’ என்று தேடி, முழுத்திரை சாம்பல் நிற வீடியோவை ஓட விடுங்கள். நிழல், திட்டு, மேக மூட்டம் எல்லாம் இதில்தான் தெளிவாகத் தெரியும். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

3. டார்ச் சோதனை: சத்தம் மட்டும் வரும் டிவியில் அறையை இருட்டாக்கி, திரைக்கு மிக அருகில் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது. போனது பேக்லைட் அல்லது அதற்கு மின்சாரம் தரும் பகுதி.

4. ஓய்வு சோதனை: நிழல் ஒட்டியிருந்தால் 24 மணி நேரம் ப்ளக்கை எடுத்துவிட்டு, மறுபடி சாம்பல் திரையைப் போட்டு, முன்பு எடுத்த படத்துடன் ஒப்பிடுங்கள். மங்கியிருந்தால் இன்னும் சில நாளில் போய்விடும். மாற்றமே இல்லை என்றால் அசையும் வீடியோவை முயற்சி செய்யுங்கள்.

5. சூடு சோதனை: கோடு டிவி போட்டதும் வந்து சூடானதும் மறைகிறதா, அல்லது சூடான பிறகு வருகிறதா என்று கவனியுங்கள். சூட்டைப் பொறுத்து வந்துபோகும் கோடு, இணைப்பு தளர்ந்திருப்பதன் அறிகுறி. திரையை அழுத்திப் பார்க்க வேண்டாம். இருக்கும் கண்ணாடியும் உடையும்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் பேசினால் உரையாடலே மாறும். “டிவி வேலை செய்யலை” என்று சொல்வதற்கும், “அண்ணே, டார்ச் அடிச்சா படம் தெரியுது, பேக்லைட் ஸ்ட்ரிப் பாருங்க” என்று சொல்வதற்கும் பில்லில் வித்தியாசம் தெரியும். ‘பேனல் போச்சு’ என்று பதில் வந்தால், “டி-கான், பேக்லைட் ரெண்டும் செக் பண்ணிட்டீங்களா?” என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ரிப்பேரா, புதுசா?

பேக்லைட், பவர் போர்டு, டி-கான் ஆகியவற்றில் கோளாறு என்றால் ரிப்பேரைத் தாராளமாக யோசிக்கலாம். பேக்லைட் மாற்றும்போது எல்லாப் பட்டைகளையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். போனதை மட்டும் மாற்றினால், அதே வயதுள்ள அடுத்த பட்டை சில மாதத்தில் போகலாம். கண்ணாடி உடைந்திருந்தால், அல்லது பாண்டிங் செய்தும் கோடு திரும்பியிருந்தால், அப்போது புது டிவிதான் புத்திசாலித்தனம்.

வாரண்டி இருந்தால் முதலில் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே போங்கள். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ‘ரைட் டு ரிப்பேர்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. சர்வீஸ், வாரண்டி, உதிரி பாகங்கள் பற்றிய நிறுவனங்களின் தகவல்களை ஒரே இடத்தில் தருவது அதன் நோக்கம். சர்வீஸில் ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

ஆயுளை நீட்ட ஒரு செட்டிங் போதும்

பல டிவிகள் கடையில் கண்ணைப் பறிக்க வேண்டும் என்பதற்காக ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’ மோடில் பளபளக்கின்றன. வீட்டுக்கு வந்த பிறகும் அதை யாரும் மாற்றுவதில்லை. பேக்லைட் ஆண்டுக்கணக்கில் முழு வேகத்தில் எரிகிறது. செட்டிங்ஸில் ‘ஸ்டாண்டர்டு’ அல்லது ‘சினிமா’ மோடுக்கு மாறி, ‘பேக்லைட்’ அளவைக் கண்ணுக்கு இதமான அளவுக்குக் குறையுங்கள். பல மாடல்களில் ‘பிரைட்னஸ்’ என்பது வேறு. அது கறுப்பின் அடர்த்தியை மாற்றுமே தவிர விளக்கின் சூட்டைக் குறைக்காது.

கடை வைத்திருப்பவர்கள் நாளில் சில முறை சேனலை மாற்றுவதும், ஆளில்லாத நேரத்தில் டிவியை அணைப்பதும் போதும். சுத்தம் செய்யும்போது டிவியை அணைத்துவிட்டு, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் துடையுங்கள். கறை விடாப்பிடியாக இருந்தால் துணியை மட்டும் லேசாக நனையுங்கள், திரையை அல்ல.

கடைசியாகத் தூக்கிப் போடும் முன்

சிசிஎஃப்எல் குழாய் கொண்ட பழைய எல்சிடி டிவிகளில் சிறிதளவு பாதரசம் இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் அதை உடைத்துப் பிரிக்கும்போது அது காற்றிலும் மண்ணிலும் கலக்கும். முதலில் சுவாசிப்பவர் அதை உடைக்கும் தொழிலாளி. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-ன்படி, டிவிகளும் மறுசுழற்சிப் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உள்ள பொருள்களின் பட்டியலில் வருகின்றன. பல நிறுவனங்கள் பழைய டிவியைத் திரும்பப் பெறும் வசதியைத் தங்கள் இணையதளத்தில் கொடுத்திருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களிடமும் ஒப்படைக்கலாம். எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கொடுத்தால், பழைய டிவி எங்கே போகும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆனால் அது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் இன்று இரவு, விளக்கை அணைத்துவிட்டு, அந்த டார்ச்சை ஒரு முறை அடித்துப் பாருங்கள். உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தால் அந்த டிவிக்கு இன்னும் சில வருடம் பாக்கி இருக்கலாம்.